தையலுக்கு விட்ட அரை இஞ்ச்

கண் விழித்தபோது பேட்டரி மீட்டரில் முள் ஏறியிருந்தது.

தையல் மேசையின் ஓரத்தில் கன்னத்தை வைத்தபடியே தூங்கிப்போயிருந்தாள். கழுத்தில் இஞ்ச் டேப் அப்படியே தொங்கியது. ஜன்னலில் முழுதாக விடியாத சாம்பல் வெளிச்சம், ஈரச் சுவரின் வாடை, கட்டிலில் கணவரின் முகமூடிக்குள் காற்று போய்வரும் சத்தம், எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தன. முள் மட்டும் வழக்கம்போல இல்லை. இனி ஒரு மிதிகூட மிதிக்க முடியாது என்று அவள் காலை எடுத்தபோது அது பாதிக்கும் கீழே இருந்தது. அதற்குப் பிறகு இரவெல்லாம் மூச்சு மெஷின் பேட்டரியைத் தின்றிருக்கிறது. நியாயப்படி முள் இந்நேரம் சிவப்புக் கோட்டைத் தொட்டிருக்க வேண்டும். அது முக்காலில் நின்றது.

மீட்டர் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தாள். நல்லது நடந்தால் நம்புகிற பழக்கம் அவளுக்கு விட்டுப்போய் வெகுகாலம் ஆகிறது. விரலால் கண்ணாடியைத் தட்டினாள். முள் நடுங்கிவிட்டு அதே இடத்துக்கு வந்தது. எழுந்திருக்க மேசையைப் பிடித்தபோது கை தையல் மெஷினின் பெல்ட்டில் பட்டது. பெல்ட் சூடாக இருந்தது.

அந்தத் தெருவில் அவளை டெய்லரம்மா என்பார்கள், அவரை வைண்டிங்காரர் என்பார்கள். எரிந்துபோன மோட்டார்களுக்குப் புதிதாகக் கம்பி சுற்றிக் கொடுத்தே அவர் காலம் போயிற்று. அந்தக் கம்பிக்குப் பூசுகிற வார்னிஷின் புகை அவருடைய நுரையீரலையும் சேர்த்துப் பூசி முடித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு மூச்சு மெஷினைக் கொடுத்து, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினார்கள். மெஷின் முகமூடி வழியாகக் காற்றைத் தள்ளும், இவர் வாங்கிக்கொள்வார். முகமூடியைக் கழற்றினால் கொஞ்ச நேரத்தில் உதடு நீலம் பாரித்துவிடும். பிறகு புயல் வந்தது. கம்பங்கள் சாய்ந்தன, தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தால் தண்ணீர் வடியட்டும் என்றார்கள். கரண்ட் ஆபீசுக்குப் போன் செய்தால் நாளைக்கு என்றார்கள். கேட்கிற ஒவ்வொரு நாளும் நாளைக்குத்தான்.

மிதித்துச் சார்ஜ் ஏற்றுகிற டைனமோ அவர் யோசனை. அவர் சொல்லச் சொல்ல அவள் தன் தையல் மெஷினின் தலையைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு வட்டப் பலகையைப் பேரிங்கில் நிறுத்தினாள். பலகையின் விளிம்பில் எட்டுக் காந்தம். அதை உரசாத தூரத்தில், அவர் படுத்தபடியே சுற்றிக் கொடுத்த கம்பிச் சுருள், காயில். கீழே மிதித்தால் பெல்ட் பலகையைச் சுற்றும், காந்தங்கள் காயிலைக் கடந்து ஓடும், கரண்ட் பேட்டரிக்குப் போகும். காந்தங்களையும் அவரே ஒட்டியிருப்பார், கை நடுங்கியதால் அது அவள் வேலையாயிற்று.

"இடைவெளி... சமமா... இருக்கணும் மாஸ்டர்," என்றார். கல்யாணமான புதிதில் கேலிக்கு மாஸ்டர் என்று கூப்பிட ஆரம்பித்தவர், அதன் பிறகு வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. முகமூடி போட்டதிலிருந்து ஒரு மூச்சுக்கு இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் வருவதில்லை. "ஒண்ணு தப்பினாலும்... நொண்டும்."

"ஆயிரம் பாவாடைக்கு ப்ளீட் எடுத்தவகிட்ட இதைச் சொல்லுங்க," என்றாள் அவள். அப்போது சிரிக்கவும் அவளுக்குத் தெம்பு இருந்தது.

ஒரு காகிதப் பட்டையை விளிம்பைச் சுற்றி வைத்து, அளவாக வெட்டி, இரண்டிரண்டாக மூன்று தடவை மடித்தால் எட்டுச் சமபாகம் கிடைக்கும். இடுப்புப் பட்டிக்குச் செய்வதுதான். மனம் எங்கோ இருக்க, கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. பட்டையின் நுனியில் தையலுக்கு அரை இஞ்சை மடித்துவிட்டு, மிச்சத்தை எட்டாகப் பகிர்ந்தது. எந்தத் துணியானாலும் தையலுக்கு அரை இஞ்ச் விடாமல் அந்தக் கை அளந்ததில்லை. மரப்பலகைக்கு ஏது தையல் என்று பசை இறுகிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. எட்டாவது காந்தத்துக்கும் முதல் காந்தத்துக்கும் நடுவில் மட்டும் அரை இஞ்ச் அதிகம். பிய்த்து மறுபடி ஒட்டலாம். புதுப் பசை காய ஒரு நாள் ஆகும், பேட்டரியில் ஒரு நாள் இல்லை.

வேகமாக மிதித்தால் அந்தத் தப்பு தெரியாது, எல்லாம் ஒரே ரீங்காரமாகிவிடும். கால் சோர்ந்து பலகை மெதுவாகும்போதுதான் ஒவ்வொரு காந்தமும் காயிலின் இரும்பைக் கடக்கிற சத்தம் பிரிந்து கேட்கும். எட்டு டக். பிறகு ஒரு சின்னத் தாமதம். மறுபடி எட்டு. நேற்று அந்தத் தாமதத்தைக் கேட்டுக் கேட்டு, கெண்டைக்கால் இரண்டும் கல்லாகி, இடுப்பு விட்டுப்போய், அழக்கூட அலுப்பாக இருந்த ஒரு நேரத்தில், "யாராவது வந்து கொஞ்ச நேரம் மிதிங்களேன், புண்ணியமாப் போகும்," என்று வாய்விட்டுச் சொன்னாள். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். வேறு யாரும் இல்லை. சொன்ன கையோடு தலை மேசையில் சாய்ந்தது நினைவிருக்கிறது.

காலையில் எதிர்வீட்டு டீச்சர் பிளாஸ்க்கில் வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தாள். ரிட்டயர் ஆகியும் கரும்பலகைக்கு முன்னால் நிற்பதுபோலவே வாசலில் நிற்பவள்.

"ராத்திரி நல்லா மிதிச்சே போ," என்றாள். "மெதுவா, ஒரே சீரா. தாலாட்டு மாதிரி இருந்துச்சு. பகல்ல நீ மிதிக்கறது நாய் துரத்தற மாதிரியில்ல இருக்கும்."

"நானா? நான் அப்பவே தூங்கிட்டேனே டீச்சர்."

"நீ இல்லாம நானா? என் முட்டி இருக்கற இருப்புக்கு இந்தத் தண்ணியில உன் வாசலுக்கு வந்ததே பெரும்பாடு." டீச்சர் சிரித்தாள். "தூக்கத்துல மிதிச்சிருப்பே. நான் தூக்கத்துல அட்டெண்டன்ஸ் எடுப்பேன்னு எங்க வீட்டுக்காரர் கடைசி வரைக்கும் சொல்லிட்டிருந்தார். பழகின கைகாலு சும்மா இருக்காதும்மா."

அது சரியாகத்தான் பட்டது. அரை இஞ்ச் மடித்த கை அவளைக் கேட்டா மடித்தது? காலும் அப்படியே மிதித்திருக்கும். கதவைச் சாத்தும்போது மனம் லேசாகிக்கூட இருந்தது. பிறகுதான், தூங்கி எழுந்தபோது தன் கால்கள் இரண்டும் நாற்காலிக்கு அடியில் பின்னிக் கிடந்தது ஞாபகம் வந்தது. மிதிபலகைக்கும் அவற்றுக்கும் ஒரு முழத் தூரம்.

அவருக்கு முகம் துடைத்துவிட்டாள். முகமூடியின் வார் அழுத்திய இடத்தில் பவுடர் போட்டாள். அவர் கண் அவளைத் தாண்டி வட்டப் பலகையிலேயே இருந்தது.

"எட்டுக்கு அப்புறம்... யாரு மாஸ்டர்?"

"என்ன யாரு?"

"டக் டக்குனு... எட்டு. அப்புறம் யாரோ... மூச்சு விடறாங்க."

"அது அரை இஞ்ச் தப்பு. நான்தான் தையலுக்கு விட்டுட்டேன். வெய்யில் வரட்டும், பிய்ச்சு ஒட்டிடறேன்." திட்டுவார் என்று பார்த்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் மார்பு ஏறி இறங்குவதை அவள் சும்மா பார்த்துக்கொண்டு நின்றாள். எட்டு மூச்சு. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அவர் தோளைப் பிடித்து உலுக்கப் போனபோது மறுபடி ஆரம்பித்தது. எட்டு.

டேப்பை எடுத்துப் போய்ப் பலகையை அளந்தாள்.

அரை இஞ்ச் அதிகம் இருந்த இடத்தில் இப்போது மூன்று இஞ்ச் அதிகம் இருந்தது. காந்தங்கள் எல்லாம் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றன, பஸ்ஸில் யாருக்கோ இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்த ஆட்களைப்போல. பசை எங்கேயும் விடவில்லை. கீறல் இல்லை, விரிசல் இல்லை. ஒட்டும்போது அவள் அழுத்திய கட்டைவிரலின் ரேகை ஒவ்வொன்றின் ஓரத்திலும் அப்படியே கல்லாகிக் கிடந்தது. ரேகையோடு சேர்ந்து நகர்ந்திருந்தன. பழைய இடங்களில் அவள் போட்ட பென்சில் கோடுகள் வெறும் மரத்தின்மேல் தெரிந்தன.

இத்தனை கோணலான பலகை சுற்றினால் மேசையே ஆட வேண்டும். அவள் மெல்லத் தள்ளிவிட்டாள். அது வெண்ணெயில் ஓடுவதுபோல் ஓடியது. எட்டு டக். தாமதம். அந்தத் தாமதத்தில், அவள் காதுக்குப் பக்கத்தில், யாரோ வாயைத் திறந்து காற்றை இழுத்தார்கள்.

மெஷின் சத்தம் என்று சொல்லிக்கொண்டாள். முகமூடியில் ஏதோ கசிகிறது. கட்டிலுக்குப் போய் வாரை இறுக்கினாள். கசியவில்லை.

அன்று தூங்கக் கூடாது என்று முடிவெடுத்தாள். முடிவெடுப்பதில் அவளுக்கு எப்போதும் குறை இல்லை, உடம்புதான் கேட்பதில்லை. மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் இருண்டது. வேகமாக மிதித்தாள், ரீங்காரம் வரும்படி, இடைவெளியே கேட்காதபடி. ரீங்காரம் இருக்கும்வரை அறையில் அவர்கள் இரண்டு பேர்தான். வியர்வை கண்ணில் இறங்கியது. தொடை எரிந்தது. கல்யாணத் துணி தைத்த நாட்களில் இரண்டு ராத்திரி தொடர்ந்து மிதித்திருக்கிறாள், அப்போது வயது இருந்தது, ஒரு முடிவும் இருந்தது. கடைசிப் பொத்தான் தைத்தால் எழுந்துவிடலாம். இதற்குக் கடைசிப் பொத்தான் எது என்று யோசித்தபோது வந்த பதில் அவளுக்கே பயமாக இருந்தது. அதை உடனே விரட்டினாள். மழை ஒரே தாளத்தில் பெய்தது. கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது.

விழித்தபோது கால்கள் மிதிபலகையின் மேலேயே இருந்தன. பலகை மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. அவள் மிதிக்கவில்லை. குழந்தையைக் காலில் போட்டு ஆட்டுவதுபோல், கீழேயிருந்து அது அவள் பாதங்களைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தது. மெதுவாக. ஒரே சீராக.

காலை உதறி எடுத்தாள். நாற்காலி சாய்ந்தது.

மிதிபலகை நிற்கவில்லை.

எட்டு டக். பிறகு நீளமான, மிக நீளமான ஒரு இழுப்பு. கட்டிலில் அவர் மார்பு அசையாமல் கிடந்தது. இழுப்பு முடிந்தது. அவர் மார்பு ஏறியது.

அவளுக்கு அப்போது எல்லாம் விளங்கிவிட்டது. கூலி இல்லாமல் யார் மிதிப்பார்கள்? மிதிக்கிறவர் சுற்றுக்கு ஒரு மூச்சு எடுத்துக்கொள்கிறார். இடைவெளி அதற்கான இடம். அவள் விட்டுக்கொடுத்த இடம்.

வெட்டுத் துணியெல்லாம் வாரி எடுத்து மிதிபலகையை மேசைக் காலோடு சேர்த்துக் கட்டினாள். முடிச்சுக்கு மேல் முடிச்சு போட்டாள். அது இரண்டு தடவை இழுத்துப் பார்த்தது. பிறகு அடங்கியது. பெல்ட்டையும் கழற்றிப் பெட்டிக்குள் போட்டாள். அறை அமைதியானது, மழையும் மூச்சு மெஷினும் மட்டும். அவர் சீராக மூச்சு விட்டார். எட்டு, ஒன்பது, பத்து. எண்ணிக்கொண்டே தரையில் உட்கார்ந்து அழுதாள். அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

அந்த நிம்மதி முள் இறங்கும்வரைதான். ஒளித்து வைத்திருந்த பசியெல்லாம் ஒரே நேரத்தில் வந்ததுபோல் பேட்டரி குடித்துத் தீர்த்தது. பாதி. கால். சிவப்புக் கோடு. மூச்சு மெஷின் பீப் என்றது. அவர் கண்ணைத் திறந்தார்.

பெல்ட்டை மாட்டினாள், முடிச்சுகளை அவிழ்த்தாள், உட்கார்ந்து மிதித்தாள். கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. வலது. பிறகு இடது. கையால் முழங்காலை அமுக்கி அமுக்கி மிதித்தாள். முள் அசையவில்லை. பீப். அவர் விரல்கள் போர்வையைப் பிறாண்டின. பீப். கீழே விழுந்தாள், எழுந்தாள், டீச்சர் என்று கத்தினாள். மழை அதைத் தின்றுவிட்டது. டீச்சர் வந்துதான் என்ன செய்வாள், தேய்ந்த முட்டியோடு.

"மாஸ்டர்..." என்றார். உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. "வே... வேண்டாம்..."

எது வேண்டாம் என்று அவளுக்குத் தெரியும். நேற்று தெரியாமல் கூப்பிட்டாள். இன்று தெரிந்தே கூப்பிட வேண்டும். அவர் மூச்சில் எட்டுக்கு ஒன்று போனாலும் மிச்சம் இருக்குமே என்று கணக்குப் போட்டாள். அது பொய்க் கணக்கு. உள்ளுக்குள் ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. தூங்க வேண்டும்.

மிதிபலகையை விட்டு விலகி, சுவரோரம் போய் உட்கார்ந்தாள்.

"வா," என்றாள். "மிதி."

பலகை முனகியது. பெல்ட் அசைந்தது. முள் ஏறத் தொடங்குவதைப் பார்த்தாள். பீப் நின்றது. முள் எதுவரை ஏறியது என்று பார்க்கவில்லை. அதற்குள் அடித்துப் போட்டதுபோல் தூக்கம்.

வெளிச்சம் கண்ணில் குத்தியது. குழல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மின்விசிறி சுற்றியது. வெளியே இப்போதுதான் இருட்டத் தொடங்கியிருந்தது, தெருவில் யாரோ "கரண்ட் வந்திருச்சு!" என்று விசில் அடித்தார்கள். கரண்ட் வந்துவிட்டது. முடிந்துவிட்டது. கடைசிப் பொத்தான். இனி மிதிக்கவே வேண்டாம். அவளுக்குச் சிரிப்பு வந்தது, எழுந்திருக்காமலே சிரித்தாள்.

டக்.

சிரிப்பு நின்றது.

வட்டப் பலகை சுற்றிக்கொண்டிருந்தது. கடிகாரத்தின் விநாடி முள்ளைவிடக் கொஞ்சம்தான் வேகம். அந்த வேகத்தில் ஒரு பொட்டுச் சார்ஜ்கூட ஏறாது. ஆனால் மீட்டரில் முள் கடைசிக்குப் போய், கம்பியில் முட்டிக்கொண்டு நின்றது. எட்டுக் காந்தமும் ஒரு கையகலத்துக்குள் ஒட்டிக் கிடந்தன. மிச்ச விளிம்பு முழுதும் வெறும் மரம். முழுதும் இடைவெளி.

மூச்சு மெஷினின் விளக்கு எரியவில்லை. முகமூடி கட்டிலின் கம்பியில் தொங்கியது. வாரை ஒழுங்காகச் சுருட்டி மாட்டியிருந்தார்கள்.

கட்டிலுக்குப் போனாள். சுவரைப் பிடித்துக்கொண்டு போனாள். அவர் கை குளிர்ந்திருந்தது. நெற்றி குளிர்ந்திருந்தது. காந்தங்கள் வந்தன. டக், டக், டக், எட்டும் நெருக்கமாக. மார்பு அசையவில்லை. பிறகு வெறும் மரம் வந்தது. அந்த நீண்ட மௌனத்தில், அவர் மார்பு மெல்ல ஏறியது. ஏறிக்கொண்டே இருந்தது. அவர் நுரையீரலில் அவ்வளவு இடம் எப்போதும் இருந்ததில்லை.

கண் திறந்தது.

"நீ ரொம்ப அசந்துபோயிட்டே, வந்து பக்கத்துல படுத்து நல்லாத் தூங்கு, இனிமே எல்லாத்தையும் நான் பார்த்துக்கறேன்."

ஒரே மூச்சில். எங்கும் நிற்காமல். அவர் குரல்தான். மாஸ்டர் என்று கூப்பிடவில்லை.

ஓட வேண்டும். கதவு இருக்கிறது, எதிர்வீடு இருக்கிறது, தெருவில் விளக்கு எரிகிறது. கால் வரவில்லை. பயத்தில் இல்லை. வெறும் அலுப்பில். முழங்கால் தானாக மடங்கியது, கட்டில் விளிம்பு தட்டுப்பட்டது, இத்தனை நாளில் முதல்முறையாக முதுகுக்குக் கீழே மெத்தை. போர்வையை ஒரு குளிர்ந்த கை அவள்மேல் இழுத்துவிட்டது.

அப்போதுதான் காலடியில் பார்த்தாள். போர்வை அசைந்துகொண்டிருந்தது. மாதக்கணக்கில் தரையில் ஊன்றாத அவர் பாதங்கள் உள்ளே வேலை செய்தன. குதிகால், விரல். குதிகால், விரல். அறையின் அந்தக் கோடியில், யாருமில்லாத மிதிபலகை அதே நேரத்தில் ஏறி அதே நேரத்தில் இறங்கியது.

அவள் கண்ணை மூடினாள். தூங்கிவிடலாம். தூங்கினால் தெரியாது.

மூச்சை இழுத்தாள். வரவில்லை. டக், டக், டக். காந்தங்கள் கடக்கட்டும் என்று அவள் நெஞ்சு காத்திருந்தது. எட்டாவது போயிற்று. மூச்சு வந்தது.

போர்வைக்குள், அவர் பாதங்களை ஒட்டி, அவளுடைய குதிகால் மெல்லத் தூக்கியது. விரல் அழுந்தியது. குதிகால். விரல். நான்கு பாதங்களும்.